பழைய வேகப்படகை வாங்குமுன்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகின்ற கமக்காரன் முதலில் அதன் நிறத்தைப் பார்ப்பதில்லை. வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறான், சுழி பார்க்கிறான், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான், ஈற்றில் நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். விற்பவன் சொல்லும் புகழுரையெல்லாம் அவன் காதில் விழுகின்றது. ஆயினும் அவன் நம்புவது தன் கண்ணையும் கையையுமே. நிறத்தைப் பார்த்து மாடு வாங்கியவனை ஊர் சிரிக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலே வேறொரு சந்தை உண்டு. அங்கு விலைக்கு வருவன மாடுகள் அல்ல. ஆழ்கடலில் மணிக்கு எழுபது மைல், எண்பது மைல் வேகத்தில் ஓடவல்ல பழைய பந்தயப் படகுகள். முப்பதடி, நாற்பதடி நீளம். ஈட்டி போன்ற முகம். கண்ணைப் பறிக்கும் வர்ணம். பின்புறத்திலே இரண்டு பெரும் இயந்திரங்கள். புதிதாக வாங்கப் பெருஞ் செல்வர்க்கே இயலும். பத்து, இருபது ஆண்டு ஓடிய பின்னர் அதே படகு நடுத்தர வருவாயுடையவனுக்கும் எட்டக்கூடிய விலைக்கு வருகின்றது. அங்கேதான் இடர் தொடங்குகின்றது. விலை குறைந்து விடுகின்றது; அதனைப் பேணும் செலவோ குறைவதில்லை. வேகமும் குறைவதில்லை. மணிக்கு எழுபது மைல் வேகம் என்பது வினாடிக்கு நூறு அடிக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு கலத்தின் உள்ளே மறைந்திருக்கும் சிறு குறை, பணத்தோடு மட்டும் முடிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

இத்தகைய படகொன்றைத் தேர்ந்து வாங்குவது எங்ஙனம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். படகு வாங்க எண்ணாதவர்க்கும் இதிற் கொள்ளத்தக்கது உண்டு. அழகாகத் தோன்றும் ஒரு பழைய பொருளின் உண்மையை அறிவது எப்படி என்ற கேள்வி எல்லோர்க்கும் பொதுவானதன்றோ?

கடலை வெட்டும் உருவம்

ஒன்றைச் சோதிப்பதற்கு முன் அது எதற்காக அவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். தட்டையான அடியுடைய படகு அமைதியான நீரில் எளிதாக வழுக்கி ஓடும். அலையெழும் கடலிலே அதன் அடி, கல்லில் அடிபட்டதுபோல மோதும். ஓட்டுபவனுடைய முதுகெலும்பே அம்மோதலைத் தாங்கவேண்டி வரும். அமெரிக்கக் கலவடிவமைப்பாளர் ரேமன்ட் ஹன்ட் இதற்கு மாற்றாகப் படகின் அடியை முகத்திலிருந்து பின்பலகை வரைக்கும் ஆழமான ஆப்பு வடிவில் அமைத்தார். ஆப்பு மரத்திலே புகுவதுபோல அந்த அடி அலையிலே புகும். மோதல் ஒரே கணத்தில் நிகழாமற் சிறிது நேரம் பரந்து நிகழும். அதனால் அதன் கடுமை தணியும்.

1958இல் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டிக்கான தேர்வோட்டங்கள் நியூபோட் துறையில் நிகழ்ந்தபோது, அங்கே துணைக்கலமாக ஓடிய ஹன்டின் சிறு படகொன்றை ரிச்சார்ட் பேட்ரம் என்பவர் கண்டார். கொந்தளித்த நீரிலே அது ஓடிய விதம் அவரைக் கவர்ந்தது. அவ்வகையில் ஏறத்தாழ முப்பதடி நீளமான மரப்படகொன்றைச் செய்வித்து, 'மொப்பி' எனப் பெயரிட்டார். 1960ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நசோவுக்கு நடந்த பந்தயத்தில், சாம் கிரிபித் ஓட்ட, அப்படகு கடுங் கடலைக் கடந்து எட்டு மணி நேரத்தில் முதலாவதாக வந்தது. அம்மரப்படகையே அச்சாகக் கொண்டு கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட 'பேட்ரம் 31' அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதே 1961இல் இங்கிலாந்திலே சேர் மக்ஸ் எயிற்கனின் முயற்சியாற் கவ்ஸ் துறையிலிருந்து டோர்கீ வரையிலான ஆழ்கடற் பந்தயமும் தொடங்கிற்று.

இதன் பின்னர் வந்தவர் புரூக்ளினிற் பிறந்த டொன் அரனோ. வட மயாமியில் 188ஆம் வீதியிலே போர்முலா, டொன்சி, மக்னம், சிகரெட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படகுத் தொழிலகங்களை அவர் தோற்றுவித்தார். ஒன்றை விற்பார், அதே வீதியில் மற்றொன்றைத் தொடங்குவார். அந்த வீதிக்கு 'இடிப்படகு வீதி' என்ற பொருளிற் பட்டப்பெயர் உண்டாயிற்று. அதே வீதியிலேதான் 1987 பெப்ரவரி 3ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தம் படகுக்கு வைத்த 'சிகரெட்' என்ற பெயர் இன்று அவ்வினப் படகுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக மக்கள் வாயில் வழங்குகின்றது.

இவ்வினத்தில் இரட்டை உடல் உடையனவும் உண்டு. அவற்றை ஆங்கிலத்திலே 'கற்றமறான்' என்பர். அது நமது 'கட்டுமரம்' என்ற சொல்லே. மரத்தடிகளைக் கயிற்றாற் பிணைத்துக் கடலோடிய பரதவர் வழங்கிய பெயர், இரண்டு உடல்களுக்கிடையே காற்றை அடக்கி அக்காற்றின் மேலே பறக்கின்ற பந்தயக் கலத்துக்கு வழங்கி வருவது காலத்தின் விந்தை.

இந்த வரலாற்றிலிருந்து வாங்குபவன் அறியவேண்டியது ஒன்று: இப்படகுகள் அலையிலிருந்து அலைக்குத் தாவுவதற்கென்றே பிறந்தவை. நன்றாக ஓட்டப்பட்ட படகு பலமுறை வானத்திலிருந்து விழுந்திருக்கும். ஆகவே, அது எவ்வளவு ஓடியது என்ற கேள்வியைக் காட்டிலும் எவ்வாறு விழுந்தது என்ற கேள்வியே பெரிது.

உடலைத் தட்டிப் பார்த்தல்

நீரில் மிதக்கும் படகைப் பார்த்து விலை பேசுவது முகத்திரையோடு பெண் பார்ப்பதை ஒக்கும். முதலிற் படகைக் கரைக்குத் தூக்குவித்தல் வேண்டும். அடி உலர்ந்து, நல்ல வெளிச்சம் பக்கவாட்டிற் படும்படியாக நின்று பார்த்தால், முன்பு செப்பனிட்ட இடங்கள் தாமே தெரியும். ஓரிடத்து மினுக்கம் மற்றோரிடத்து மினுக்கத்தோடு இசையாது. புதிதாக வர்ணம் பூசப்பட்ட பழைய படகைக் கண்டால் மகிழ்வதற்கு முன்னர், எதனை மறைக்க அவ்வர்ணம் பூசப்பட்டது என்று கேட்பது நன்று.

அடுத்தது தட்டிப் பார்த்தல். இதற்கு வேண்டியது ஒரு சிறு சுத்தியலும் பொறுமையும். தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலையும் அழுகலையும் அறிகின்ற கை நமக்குப் புதிதன்று. கண்ணாடியிழைப் படகின் உடலும் அங்ஙனமே பேசும். இப்படகுகளிற் பலவற்றின் சுவர் ஒரே கட்டியன்று. வெளியே ஒரு கண்ணாடியிழைத் தோல், உள்ளே ஒரு தோல், நடுவிலே பல்சா மரம் அல்லது நுரைப்பொருள். இலேசான சுவருக்கு உறுதி தருவது இந்த அமைப்பே. ஆயினும் பலமுறை மோதியதால் தோல் நடுப்பொருளை விட்டுப் பிரிந்துவிடலாம். திருகாணித் துளை வழியாக நீர் புகுந்து பல்சாவை அழுகச் செய்யலாம். நலமான இடம் தட்டும்போது கணீரென்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த இடமும் நீர் கோத்த இடமும் சவலையாக ஒலிக்கும். அரை அடிக்கு ஒரு தட்டாக அடி முழுவதையும் தட்டி, ஒலி மாறும் இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வந்தால், ஈற்றில் அவ்வட்டங்கள் சேர்ந்து படகின் நோய்க்கு ஒரு வரைபடமாகிவிடும். ஈரமானியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கலாம்.

மேற்பூச்சிலே சிலந்தி வலைபோலப் பரவும் வெடிப்புக்களையும் நோக்குதல் வேண்டும். எல்லா வெடிப்பும் ஆபத்தானவை அல்ல. மேற்றளத்தின் மூலையிலுள்ள ஒரு வெடிப்பு வெறுந் தடித்த பூச்சினால் வந்திருக்கலாம். அடியிலே ஒரே வரிசையில், உள்ளே தாங்குசட்டம் செல்லும் கோட்டை ஒட்டிக் காணப்படும் வெடிப்போ வேறு கதை சொல்கின்றது. அங்கே உடல் வளைந்து வளைந்து உழைத்திருக்கின்றது என்பதே அதன் பொருள்.

அடியின் பின்பகுதியில் நீண்ட நேர்சட்டமொன்றை வைத்துப் பார்ப்பது மறக்கத்தகாத சோதனை. படகு வேகமாக ஓடும்போது நீரைத் தொடுவது அந்தக் கடைசிச் சில அடிகள் மட்டுமே. அது நேராக இருத்தல் வேண்டும். உட்குழிந்திருந்தாற் பின்புறம் உயர்ந்து முகம் தாழும். வெளிப்புடைத்திருந்தால் ஓங்கில்போல முகம் எழுந்தெழுந்து விழும். ஆண்டுக்கணக்காகப் பொருத்தமற்ற இழுவண்டியின் மேற் கிடந்த படகுகளுக்கும் இக்குறை நேர்வதுண்டு. ஓடிக் கெட்டது மட்டுமன்றி ஓடாமற் கிடந்து கெட்டதும் உண்டு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எலும்புக்கூடு

உடலின் உள்ளே முகத்திலிருந்து பின்பலகை வரை நீளவாட்டிற் செல்லும் தாங்குசட்டங்களே படகின் எலும்புகள். பழைய படகுகளில் இவை பெரும்பாலும் ஒட்டுப்பலகையின் மேற் கண்ணாடியிழை போர்த்தவை. போர்வையிலே சிறு துளை இருந்தாலும் அடித்தளத்திலே தேங்கும் நீர் உள்ளே புகுந்து பலகையை உக்கச் செய்யும். வெளியே பார்த்தால் எலும்பு திடமாக நிற்கும். உள்ளே ஈரமான தூள் இருக்கும். இயந்திரங்களைத் தாங்கி நிற்பவை இச்சட்டங்களே. ஆதலின் இயந்திரத்தைப் பிணைக்கும் ஆணிகள் இறுக்கத்தை ஏற்காமற் சுழல்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

குறுக்குச் சுவர்கள் உடலோடு சேருமிடங்களில் ஒட்டுப்பட்டைகள் கிழிந்திருந்தாற் படகு கடும் வீழ்ச்சிகளைக் கண்டது என்று கொள்ளலாம். மேற்றளமும் உடலும் சேரும் விளிம்பிலே ஆணிகள் தளர்ந்திருப்பதும் அதே சாட்சியத்தைத் தரும். பின்பலகையை ஒரு தனிமுறையாற் சோதிப்பார்கள். உந்துகாலை மேலே உயர்த்திவிட்டு, ஒருவர் தம் பாரம் முழுவதையும் அதன்மேல் ஊன்றி அழுத்த, மற்றொருவர் பலகையின் ஓரத்தை உற்று நோக்குவார். பலகை அசைந்தாலோ, ஓரத்தில் நீர் கசிந்தாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பின்பலகையைப் புதிதாக்குவதென்றால் இயந்திரங்களை வெளியே எடுக்கவேண்டும். அச்செலவு சில வேளைகளிற் படகின் விலையையே எட்டிவிடும்.

எரிபொருட் கலனும் எளிதிற் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. தளத்தின் கீழே நுரைப்பொருளாற் சூழப்பட்டுப் புதைந்திருக்கும் அலுமினியக் கலன்கள், அந்நுரையிலே தங்கிய உப்புநீரால் வெளிப்புறமிருந்து அரிக்கப்படும். அமெரிக்காவிற் பெற்றோலோடு பத்திலொரு பங்கு எதனோல் கலந்து விற்பது வழக்கம். எதனோல் ஈரத்தை உறிஞ்சும்; அளவு மிஞ்சினாற் பெற்றோலிலிருந்து பிரிந்து நீரோடு அடியிற் படியும். நெடுநாள் ஓடாத படகின் கலனில் இருப்பது எரிபொருளா, வேறொன்றா என்பதை எடுத்துப் பார்த்தே துணியவேண்டும்.

இதயத் துடிப்பு

இயந்திரத்தைப் பொறுத்தவரையில் முதல் விதி இது: அது குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேரவேண்டும். வாங்குபவர் வருமுன்னரே இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளர் மேல் ஐயங் கொள்வதிற் பிழையில்லை. நோயுள்ள இயந்திரம் தன் நோயைக் குளிரிலேதான் காட்டும். கைவைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், 'நாளை வருகிறேன்' என்று திரும்பிவிடுவது மேல்.

இப்படகுகளில் உள்ளவை பெரும்பாலும் எட்டு உருளைகள் கொண்ட, எட்டு லீற்றர் அளவிலான பெரும் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 500 பரிவலு தரும் என்று கொள்வோம். ஒரு பரிவலுவை ஒரு மணி நேரத்துக்குப் பெற ஏறத்தாழ அரை இறாத்தல் பெற்றோல் எரிகின்றது. அப்படியானால் ஓர் இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு 250 இறாத்தல், அதாவது 150 லீற்றர் வரையிற் குடிக்கும். இரண்டும் சேர்ந்தால் 300 லீற்றர். இக்கணக்கை வாங்குவதற்கு முன்னரே போட்டுப் பார்க்காதவர், வாங்கியபின் படகைத் துறையிலே கட்டிவைத்து அழகு பார்ப்பவராகவே முடிவார்.

மோட்டார் வண்டியின் இயந்திரம் பெரும்பொழுது தன் வலுவில் ஒரு சிறு பங்கையே செலவிடுகின்றது. படகின் இயந்திரமோ இடைவிடாது மலையேறும் வண்டியின் இயந்திரத்தைப் போன்றது. ஆதலின் நூற்றுக்கணக்கான மணிகள் ஓடியதும் அதன் உட்பகுதிகளைப் பிரித்துப் புதுக்கவேண்டிய காலம் வந்துவிடும். மணிக்கணக்குக் காட்டும் கருவியை மட்டும் நம்பலாகாது; அதனை மாற்றிவைத்தல் எளிது. அண்மைக்கால இயந்திரங்களில் உள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எத்தனை மணி எந்தச் சுழற்சி வேகத்தில் ஓடியது என்பதைத் தானே பதிந்து வைக்கின்றது. உரிய கருவியைப் பொருத்தி அதனை வாசிக்கச் செய்யலாம். மனிதன் மறந்ததை அப்பெட்டி மறப்பதில்லை.

உருளைகளின் அமுக்கத்தை அளந்து பார்த்தல் அடுத்த படி. எட்டு உருளைகளும் தம்முள் பத்து வீதத்துக்கு மேல் வேறுபடாதிருத்தல் நன்று. இதனினும் கூர்மையானது கசிவுச் சோதனை. ஒவ்வோர் உருளையினுள்ளும் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்திற் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகின்றது என்று அளப்பர். கசியும் காற்று எங்கே சீறுகின்றது என்று காது கொடுத்துக் கேட்டால் நோயின் இடமும் தெரியும். காற்று உட்புகும் வாயிலிற் சீறினால் உள்வால்வு. புகைபோக்கியிற் சீறினால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிற் சீறினாற் பிஸ்டன் வளையம். குளிர்நீரிலே குமிழி எழுந்தால் உருளைத்தலையின் அடைப்பு. ஒரு நல்ல வைத்தியன் மார்பிலே காது வைத்துக் கேட்பதுபோன்ற செயல் இது.

எண்ணெயை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது இரத்தப் பரிசோதனையை ஒக்கும். செம்பும் ஈயமும் மிகுந்திருந்தாற் சுழற்றண்டின் தாங்கிகள் தேய்கின்றன. அலுமினியம் மிகுந்திருந்தாற் பிஸ்டன் தேய்கின்றது. சோடியம் தோன்றினாற் கடல்நீரோ குளிராக்கும் திரவமோ உள்ளே புகுந்திருக்கின்றது. ஒரே முறை எடுத்த எண்ணெய் ஓரளவே பேசும். முன்னைய உரிமையாளர் ஆண்டுதோறும் எடுத்துவைத்த அறிக்கைகள் இருந்தால் அவை பொன்னினும் மேலானவை. அண்மையில் எண்ணெய் மாற்றப்பட்டிருந்தால் இச்சோதனை ஊமையாகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

கடல்நீர் புகும் வழி ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். படகின் புகைபோக்கியிலே சூட்டைத் தணிக்க நீரும் கலந்து செல்கின்றது. மிகுந்த வலுவுக்கென வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்குமாறு அமைத்த இயந்திரங்களில், மெதுவாக ஓடும்போது புகைபோக்கியிலிருந்து ஒரு சிறு பின்னிழுப்பு உண்டாகி, அந்நீர்த்துளிகளை உருளைக்குள்ளேயே இழுத்துவிடும். முழு வேகத்திற் பறந்தபோது கெடாத இயந்திரம், துறைமுகத்தில் மெல்ல ஊர்ந்தபோது கெட்டுவிடும். உருளைக்குள்ளே சிறு ஒளிக்கருவியைச் செலுத்தித் துருக்கறை உண்டா என்று பார்ப்பது இதனாலேயே.

உந்துகால்

இயந்திரம் உள்ளே, உந்தும் விசிறி வெளியே என்று அமைந்த பின்னுந்து முறை ஜிம் வின், சார்ள்ஸ் ஸ்ட்ராங் ஆகியோரின் எண்ணத்திற் பிறந்து, 1959இல் வொல்வோ நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. பேராற்றல் படகுகளில் முதலில் உடைவது பெரும்பாலும் இந்த உந்துகாலே. அதற்குக் காரணம் உண்டு. படகு அலையைவிட்டு எழும்போது விசிறி நீரைவிட்டு வெளியேறுகின்றது. சுமை நீங்கிய இயந்திரம் வெறிகொண்டு சுழல்கின்றது. மறுகணம் விசிறி நீரிலே விழும்போது, அச்சுழற்சி முழுவதும் திடீரெனத் தடைப்படுகின்றது. அந்த அதிர்ச்சியை ஏற்பவை கையகலப் பற்சக்கரங்கள். பந்தயங்களிலே திசை திருப்ப ஒருவரும், வேகப்பிடியைக் கையாள மற்றொருவரும் இருப்பது இதற்காகவே. பிடியாளரின் கலை, படகு எழும்போது வேகத்தைக் குறைத்து, நீரைத் தொடும் கணத்தில் மீண்டும் கொடுப்பது. முன்னைய உரிமையாளருக்கு இக்கலை கைவந்ததா என்பதைப் பற்சக்கரங்களே சொல்லும்.

உந்துகாலின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தாற் போதும். பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கின்றது. வடிதுளை ஆணியிலுள்ள காந்தத்தில் நுண்ணிய சாம்பல்நிறப் பசை இருப்பது வழக்கம்; இரும்புச் சில்லுகள் இருந்தாற் பல் உடைந்திருக்கின்றது. அலுமினிய உடலைக் காக்கும் துத்தநாகக் கட்டிகள் முற்றாகக் கரைந்துபோயிருந்தால், கடல் அடுத்து உண்ணத் தொடங்கியது உந்துகாலையே. இறப்பர்த் துருத்திகளை விரித்து மடிப்புகளில் வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். ஒரு துருத்தி கிழிந்தால் உள்ளேயுள்ள தாங்கி அழியும். சில வேளை படகே துறையிற் கட்டியபடி மூழ்கும். சிறு இறப்பர்த் துண்டை நம்பியே பெருங் கலம் மிதக்கின்றது.

இதனோடு சேர்த்துத் திசைதிருப்பும் பொறியையும் சோதிக்கவேண்டும். உந்துகாலைக் கையாற் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் அது தளர்வின்றி நிற்கவேண்டும். ஆழமான ஆப்புவடிவப் படகு மிகு வேகத்தில் தன் அடியின் ஒடுங்கிய பகுதியிலே நின்று ஓடுவதால், இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடத் தொடங்குவதுண்டு. தளர்ந்த திசைப்பொறி அந்த ஆட்டத்தைப் பெருக்கும். பழகாத கை அதனை அடக்க முயன்று மேலும் வளர்க்கும். உயிரிழப்பில் முடியக்கூடிய ஆட்டம் இது.

கடலிலே

கரையிற் செய்த சோதனைகள் அனைத்தும் தேறிய பின்னரே கடலோட்டம். இயந்திர அறையின் காற்றாடியைச் சில நிமிடம் ஓடவிட்ட பின்னரே இயந்திரத்தை முடுக்கவேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. அடித்தளத்தில் தங்கிநின்று ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஓட்டுபவரின் உடையோடு இணைத்த நிறுத்துகயிற்றையும் இழுத்துப் பார்க்கவேண்டும். அவர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்துவது அக்கயிறே. 2021 ஏப்ரல் முதலாம் நாளிலிருந்து அமெரிக்கச் சட்டம் 26 அடிக்குட்பட்ட படகுகளில் அதன் பயன்பாட்டைக் கட்டாயமாக்கியது. பெரிய படகுகளுக்கு அறிவே சட்டம்.

முதலில் மெதுவாக, பின் நடுவேகத்தில், ஈற்றிற் சில நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது முறை. இயந்திரம் தன் உற்பத்தியாளர் குறித்த சுழற்சி வேகத்தை எட்டுகின்றதா? எட்டாவிட்டால் விசிறி பொருந்தவில்லை, அடியில் பாசி படிந்துள்ளது, அல்லது இயந்திரம் தளர்ந்துவிட்டது. எண்ணெய் அமுக்கம் சூடேறிய பின்னும் நிலைக்கின்றதா? இரண்டு இயந்திரங்களின் வெப்பநிலையும் ஒத்திருக்கின்றதா? இரட்டையர் இருவரில் ஒருவர் மாத்திரம் வியர்த்தால் காரணம் தேடவேண்டும். அடியிற் படிகள் வெட்டிய படகாயின் கூர்மையாகத் திருப்புவதை அறிந்தவர் கையில் விடுவதே தக்கது. அவ்வகைப் படகு தவறாகத் திருப்பினாற் பின்புறம் பிடிவிட்டுச் சுழலக்கூடும். கரை சேர்ந்ததும் மறுபடி இயந்திர அறையைத் திறந்து, புதிய கசிவு உண்டா, புதிய மணம் உண்டா என்று நோக்குக. உந்துகாலின் எண்ணெயையும் மறுபடி பார்க்க. ஓடுமுன் மறைந்திருந்தது ஓடியபின் வெளிப்படும்.

பத்திரமும் சாட்சியும்

அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் செய்யப்பட்ட ஒவ்வொரு படகின் பின்பலகையிலும் வலப்பக்கத்திற் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். 1984 ஓகஸ்ட்டுக்குப் பின்னையவற்றில் அதே குறி மறைவான மற்றோரிடத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா, உரிமைப் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா, படகின் மேல் எவருக்கேனும் கடன் உரிமை உண்டா என்பவற்றை விசாரிக்கவேண்டும். 1970களிலும் 1980களிலும் இவ்வினப் படகுகள் போதைப்பொருள் கடத்துவோர் கையிலும், அவர்களைத் துரத்திய சுங்கத்தார் கையிலும் ஓடின. 1992இன் அன்ட்ரூ, 2022இன் இயன் போன்ற சூறாவளிகளில் மூழ்கி, காப்புறுதிக்காரர் கைவிட்ட பின் மினுக்கி விற்கப்படுவனவும் உண்டு. மின்கம்பிகளின் முனைகளிற் பச்சைக் களிம்பும், எட்டாத மூலைகளில் உப்புக் கோடும் அக்கதையைச் சொல்லும்.

படகைப் பரிசோதிக்கும் தொழிலறிஞர் அங்குள்ளனர். அவர்க்குத் தேசிய அளவிலே சங்கங்களும் உள. அவரை நியமிப்பதும் அவருக்குக் கூலி கொடுப்பதும் வாங்குபவராகவே இருத்தல் வேண்டும். விற்பவர் பரிந்துரைக்கும் பரிசோதகர் எவ்வளவு நேர்மையாளராயினும் அவரை ஏற்கலாகாது. உடலைப் பரிசோதிப்பவர் பொதுவாக இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கு வேறொரு வல்லுநரை அழைப்பது செலவன்று, காப்பு. முற்பணமாக விலையில் பத்திலொரு பங்கைக் கொடுப்பது வழக்கம். பரிசோதனையும் கடலோட்டமும் திருப்தி தந்தாலன்றி அப்பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை எழுத்திலே இருக்கவேண்டும்.

யாரைச் சோதிப்பது?

இவ்வளவு கருவிகளும் கணக்குகளும் இருந்தும், இந்தச் சந்தையிலே ஏமாறுவோர் தொகை குறைவதில்லை. காரணம் வாங்குபவர் உள்ளத்திலே இருக்கின்றது. படகைக் கண்ட முதற் கணத்திலேயே அவர் மனம் அதனை வாங்கிவிடுகின்றது. அதன்பின் செய்யும் சோதனைகள் எல்லாம் முன்பே எழுதிய தீர்ப்புக்குச் சாட்சி தேடுவனவாகின்றன. சுத்தியல் சவலையாக ஒலித்தால், 'பழைய படகுதானே' என்பார். எண்ணெய் வெளுத்திருந்தால், 'அடைப்பை மாற்றினாற் சரி' என்பார். விற்பவர் ஏமாற்றினார் என்று பின்னர் சொல்லிக்கொள்வது எளிது. பாதி ஏமாற்றம் தாமே செய்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்வதுதான் அரிது.

இதற்கு ஒரு மருந்து உண்டு. துறைக்குப் போகுமுன்னரே, எந்த எந்தக் குறை கண்டால் வாங்காமல் திரும்புவது என்பதைத் தாளிலே எழுதி, படகிலே பற்றில்லாத ஒருவர் கையிற் கொடுத்துவிடவேண்டும். அப்படகில் நாளை உடன் ஏறப்போகும் மனைவியாகவோ பிள்ளையின் ஆசிரியராகவோ அவர் இருக்கலாம். கண்ட குறைகளுக்கெல்லாம் திருத்தச் செலவைக் கணக்கிட்டு விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றிய படகு சில வேளை புதியதன் விலையை நெருங்கி நிற்கும்.

திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அது அமைச்சரையும் பணியாளரையும் தேர்வதைக் கூறுவது. ஆராயாது நம்புவதும், நம்பிய பின் ஐயப்படுவதும் ஒரே அளவு துன்பம் என்ற அதன் கருத்து, இந்தத் துறைக்கும் முற்றாகப் பொருந்தும். கரையிலே நிற்கும்வரை ஐயம் நமக்கு நண்பன். அப்போது அதனை எவ்வளவும் வளர்க்கலாம். நடுக்கடலில், அலையின் உச்சியில், நூறடிக்கு ஒரு வினாடியாகப் பறக்கும்போது ஐயம் பயன்படாது. அங்கே நம்பிக்கையே வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரிமை உடையவர், கரையிலே ஒவ்வோர் அரை அடியையும் குனிந்து தட்டிப் பார்த்தவர் மாத்திரமே.